விமானத்துக்கே ஒரு பாராசூட்

2015 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குத் தனியாகப் பறந்த விமானி ஒருவருக்கு, கூடுதல் தொட்டியின் எரிபொருளை எஞ்சினுக்குக் கொண்டுவர முடியவில்லை. கூரையிலிருந்த சிவப்புக் கைப்பிடியை இழுத்தார். சிறு ராக்கெட் ஒன்று பாராசூட்டை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. மூக்குக் கவிழ்ந்து தொங்கிய சிரஸ் நிறுவனத்தின் எஸ்ஆர்22 விமானம் மெல்ல நிமிர்ந்து பசிபிக் கடலில் விழுந்தது. ரப்பர் படகில் ஏறிய அவரை ஒரு பயணக் கப்பல் மீட்டது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை எடுத்த அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், எல்லாச் சிறு விமானங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கச் சொல்வார்கள். ஒரு காட்சியை வைத்துச் சட்டம் போட முடியாது.

எதிர்வாதங்கள் வலுவானவை. பாராசூட் விரியச் சில நூறு அடி உயரம் வேண்டும். சுழன்று விழும் விமானத்துக்குச் சுமார் 900 அடி. தரையிறங்கத் திரும்பும்போது வேகம் இழந்து கவிழும் விமானத்துக்கு அந்த உயரம் இருக்காது. விரிந்த பிறகு எங்கே இறங்குவோம் என்பது காற்றின் கையில். 2010இல் கொலராடோவின் போல்டர் அருகே நடுவானில் மோதித் தீப்பிடித்த சிரஸ் ஒன்று, பாராசூட்டில் தொங்கியபடியே எரிந்து இறங்கியது. அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். எடையும் விலையும் ஒருபுறம். 10 ஆண்டுக்கு ஒருமுறை பாராசூட்டை மாற்றும் செலவு இன்னொருபுறம். பழைய செஸ்னா 172இல் பொருத்தினால் பெட்டி வைக்கும் இடத்தையே அது பிடித்துக்கொள்ளும்.

மறு தட்டில், 268 சிரஸ் விபத்துகளை அலசி 2017இல் வெளியான ஆய்வு இருக்கிறது. பாராசூட்டை இழுத்த விபத்துகளில் 14 விழுக்காடும் இழுக்காதவற்றில் 39 விழுக்காடும் சாவில் முடிந்தன. இந்த வித்தியாசம் முழுவதையும் பாராசூட்டின் வரவில் எழுதக் கூடாது. இழுக்க உயரமே இல்லாத விபத்துகளும், ஓடுபாதையில் சறுக்கிய சில்லறை விபத்துகளும் இரண்டாம் பட்டியலில்தான் இருக்கின்றன.

எனக்கு இதைவிட அழுத்தமான சாட்சி சிரஸின் வரலாறே. 1998இல் சான்று பெற்ற எஸ்ஆர்20 விமானம் பாராசூட்டோடுதான் பிறந்தது. ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் அதன் விபத்துப் பதிவு மெச்சும்படி இல்லை. பாராசூட் இருந்தது, கை அதை நாடவில்லை. விமானத்தை மீட்டுவிடலாம் என்று போராடியே பலர் இறந்தார்கள். உரிமையாளர் சங்கமும் நிறுவனமும் பயிற்சியை மாற்றி, தயங்காமல் இழுக்கப் பழக்கிய பிறகே சாவு குறைந்தது. 2014இல் பாராசூட் காப்பாற்றிய விமானங்களின் எண்ணிக்கை, சாவில் முடிந்த விபத்துகளை முந்தியது.

ஆகவே என் தீர்ப்பு இது: புதிதாக வடிவமைக்கும் நான்கு இருக்கை வரையிலான விமானங்களுக்குப் பாராசூட் கட்டாயமாக வேண்டும். ராக்கெட்டின் பாதை, தாங்கு பட்டைகள், அதிர்ச்சியை உள்வாங்கும் இருக்கைகள் எல்லாவற்றையும் முதல் வரைபடத்திலேயே சேர்த்துவிடலாம். பழைய விமானங்களை உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். ஆனால் பாராசூட் உள்ள விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரும், எந்த உயரத்துக்கு மேல் அதை இழுப்போம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே ஓடுபாதையில் நகர வேண்டும். இந்த விதியைச் சேர்க்காத சட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.