மறதி நோய்ச் சோதனையும் தோட்டத்து முதியோரும்

அல்சைமர் போன்ற நரம்புச் சிதைவு நோய்கள் மூளைக்குள் பல ஆண்டுகள் முற்றிய பிறகே வெளியே தெரிகின்றன. தெரியத் தொடங்கியதை அளக்க மருத்துவர்கள் பெரிதும் நம்புவது, 1975இல் அமெரிக்காவின் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூவும் வெளியிட்ட எம்.எம்.எஸ்.இ. கேள்வித்தாளை. மொத்தம் 30 மதிப்பெண். 24க்குக் கீழே இறங்கினால் டிமென்ஷியா இருக்கலாம் என்று ஐயுறுவது வழக்கம்.

இதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஸ்கேன் வசதியில்லாத சிற்றூர் கிளினிக்கிலும், பயிற்சி பெற்ற தாதி ஒருவர் பத்து நிமிடத்தில் நடத்திவிடலாம். அல்சைமர் முதலில் தாக்குவது புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை. சற்று முன் சொன்ன மூன்று சொற்களைத் திருப்பிக் கேட்கும் கேள்வி அந்த இடத்தைத்தான் தொடுகிறது. ஒருவருக்கே ஆண்டுதோறும் நடத்தினால் சரிவும் தெரியும்.

ஆனால் இது பள்ளிக்கூடம் போனவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட தாள். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பாகான் டத்தோ வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்து, தோட்டங்கள் கைமாறியபின் ஈப்போவின் மலிவு விலை வீடுகளில் பிள்ளைகளோடு முதுமையைக் கழிக்கும் பெண்களில் பலர் அப்படிப்பட்டவர்கள் அல்லர். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் இருந்தும், பிரட்டுக்கு (காலை வேலைக் கூட்டத்துக்கு)ப் போன தாயின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது சாதாரணமாக நடந்தது.

அப்படி நின்றுபோன ஒருவருக்கு இந்தத் தாளைக் கொடுத்தால் என்ன ஆகும்? 100இலிருந்து ஏழேழாகக் கழிக்க 5 மதிப்பெண், வாசிக்க 1, ஒரு வாக்கியம் எழுத 1, பின்னிய இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. இந்த எட்டும் போனால், மற்றவை அனைத்தும் சரியாக இருந்தும் 22தான். நோய் இல்லாமலேயே அவர் நோயாளி ஆகிறார். ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமான நாட்டில் 'இது என்ன பருவம்' என்ற கேள்வி வேறு. மருத்துவர் மலாயில் கேட்க, பேத்தி தமிழில் சொல்ல, பாட்டி திணறும்போது பேத்தியே அடியெடுத்துக் கொடுப்பதும் உண்டு. அந்த மதிப்பெண் யாருடையது?

எதிர்ப்பக்கப் பிழை இதைவிட ஆபத்தானது. ஆயுள் முழுதும் கணக்கெழுதிய பழைய கிராணி நோயின் தொடக்கத்திலும் ஏழேழாகக் கழித்துவிடுவார். முன்மூளைச் சிதைவில் நினைவுக்கு முன்னே குணம் கெடுகிறது. பார்க்கின்சன் நோயில் திட்டமிடும் திறன் மந்தமாகிறது. இரண்டையும் இந்தத் தாள் சரிவர அளப்பதில்லை. 'வயசாச்சு, கோபம் கூடிப்போச்சு' என்று வீடும் விட்டுவிடுகிறது.

மாற்று இல்லாமல் இல்லை. 2005இல் வந்த மோகா சோதனை, 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறது. பள்ளி வாசலையே மிதிக்காதவருக்கு இது போதாது. 1992இல் சிங்கப்பூரில் குவாவும் கோவும் உருவாக்கிய பத்துக் கேள்விச் சோதனைக்கு எழுத்தறிவு வேண்டாம். மலேசியாவின் 2018ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு, ஆப்பிரிக்க முதியோருக்கென எழுந்த ஐடியா சோதனையைக் கையாண்டது. அதில் வரைவதற்குப் பதில் தீக்குச்சிகளை அடுக்க வேண்டும். 60 வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்பது அந்த ஆய்வின் கணிப்பு.

சென்னையிலும் வேலூரிலும் களம் கண்ட 10/66 ஆய்வுக் குழு இன்னும் ஒருபடி மேலே போய், உடன் வாழ்பவரையும் விசாரித்தது. குழம்பில் உப்பு இரண்டு முறை விழுகிறதா, ஒரு வெள்ளிக்கு ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டுகிறாரா, பழகிய கோயிலிலிருந்து வீடு திரும்ப வழி தெரிகிறதா என மகளிடம் கேட்டால் மதிப்பெண் சொல்லாதது தெரியவரும். இதிலும் ஓட்டை உண்டு. தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் இருந்துவரும் மனநல மருத்துவமனையால் அந்த ஊர்ப்பெயரே ஏச்சாகிவிட்டது. அந்த அச்சத்தில் குடும்பங்கள் உள்ளதை மறைக்கின்றன. காது மந்தம், மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு ஆகியவையும் மறதி நோய் போலவே தோன்றும். மலேசிய இந்தியரிடம் மிகுந்துள்ள நீரிழிவு, மூளை ரத்தக்குழாய்களைக் கெடுத்து மறதியைக் கூட்டும்.

ஆகவே குடும்பத்தின் வாய்மொழி முதலில், ரத்தப் பரிசோதனை அடுத்து, மதிப்பெண் கடைசியில் என்ற வரிசையே இந்த மண்ணுக்குப் பொருந்தும். எத்தனை ஆண்டு படித்தார், எந்த மொழியில் கேட்கப்பட்டது என்று குறிக்காத தாளை வைத்து எவருக்கும் டிமென்ஷியா என்று எழுதக் கூடாது.