வேலைக்காரர், ஊழியக்காரர், அடிமை: தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புத் தெரிவு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

சமய நூலொன்றின் மொழிபெயர்ப்புகள் பலவற்றுள் எதனைத் தெரிந்து வாசிப்பது என்னும் வினா, நம்மிடையே பெரும்பாலும் பக்தியின் பாற்பட்டதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. இலக்கிய விமர்சகர் அதனைக் குருமாருக்குரியதென விட்டுவிட, குருமார் அதனைத் தத்தம் சபைமரபின்படி தீர்த்துவைப்பதே வழமை. ஆயின் தமிழ் உரைநடையின் வளர்ச்சியில் விவிலிய மொழிபெயர்ப்புகள் பெற்றுள்ள இடத்தை ஏற்றுக்கொள்ளும் எவரும், அவற்றுள் எது, எவரால், எவருக்காக, எத்தகைய தமிழிற் செய்யப்பட்டது என்பதையும் ஆராயக் கடமைப்பட்டவராவர். உழைக்கும் மக்களிற் கணிசமானோர் நாள்தோறும் கையிலெடுக்கும் நூல் இதுவாக இருக்கையில், முற்போக்காளர் அதனைப் பாராமுகமாக விடுவது பொருந்தாது.

இவ்வாய்வுக்கான தூண்டுதல் திருகோணமலையிலிருந்து வந்தது. உட்துறைமுகத்தையண்டிய வீடொன்றில் மாதமிருமுறை கூடும் இளைஞர் சிலர், தனிப்பட்ட வாசிப்புக்கு எந்த மொழிபெயர்ப்பை வாங்கலாம், துணைநூல்களாக எவற்றைக் கொள்ளலாம் என இக்கட்டுரையாளரிடம் கேட்டனர். அவர்களுட் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், எச்சபையையும் சாராதோர் என மூவகையினரும் உளர். ஒருவர் தம் பாட்டனாரின் பழைய வேதாகமத்தைக் கொண்டுவந்திருந்தார். பாட்டனார், 1957 வரை பிரித்தானியர் வசமிருந்த கடற்படைத் துறைமுகத்தில் டொக்யார்ட் தொழிலாளியாயிருந்தவர். எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம், ஐந்தாம் வசனத்தின் கீழ் அவர் பென்சிலாற் கோடிட்டிருந்தார். எசமானர்க்குக் கீழ்ப்படிதல் பற்றிய அவ்வசனம் அவரது பிரதியில் ‘வேலைக்காரரே’ என்ற விளியுடன் தொடங்குகின்றது. இவ்வொரு சொல்லே இக்கட்டுரையின் மையமாகும்.

அதனை நோக்குமுன் மொழிபெயர்ப்புகளின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் மனங்கொள்ளல் வேண்டும். சீகன்பால்க் தரங்கம்பாடியிற் செய்த புதிய ஏற்பாடு 1715 இல் அச்சிடப்பெற்றது. ஒல்லாந்தர் ஆட்சியில், பிலிப்பு த மெல்லோ ஈடுபட்டுழைத்த புதிய ஏற்பாடு 1759 இற் கொழும்பில் வெளிவந்தது. பப்ரிசியசின் மொழிபெயர்ப்பு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறித் தமிழ்நாட்டின் லுத்தரன் சபைகளில் வேரூன்றிற்று. யாழ்ப்பாணத்திற் பீற்றர் பேர்சிவல் தலைமையில், ஆறுமுக நாவலரின் துணையுடன் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு 1850 இற் சென்னையில் அச்சாயிற்று. ஆயினும் அது ‘தற்காலிக’ மொழிபெயர்ப்பு என்ற பெயருடனேயே நின்றுவிட்டது. ஹென்றி பவர் தலைமையில் 1871 இல் நிறைவுற்றதும், பல மிஷன்கள் உடன்பட்டு ஏற்றமையால் ‘ஐக்கிய மொழிபெயர்ப்பு’ எனப் பெயர்பெற்றதுமான வேதாகமமே இன்றும் புரட்டஸ்தாந்தரிற் பெரும்பாலோர் கையிலுள்ளது. லார்சன், மொனகன் ஆகியோரின் திருத்திய மொழிபெயர்ப்பு 1936 இல் முழுமையாக வெளிவந்தும் அதனை இடம்பெயர்க்க இயலவில்லை. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் கூடி உழைத்த ‘திருவிவிலியம்’ 1995 இல் வெளிவந்தது. கத்தோலிக்கர் அதனையே பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

இவ்வரலாறு மொழித்திறனின் வரலாறு மாத்திரமன்று. இறைவனைக் குறிக்கும் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாலும் சீகன்பால்க் சர்வேசுரன் எனவும், பப்ரிசியஸ் பராபரன் எனவும், ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் எனவும், பிந்திய திருத்தங்கள் கடவுள் எனவும் வழங்கியிருத்தல் புலப்படும். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும், எத்தமிழ் உயர்ந்த தமிழ், எத்தமிழ் விளங்குந் தமிழ் என்ற போட்டி நிகழ்ந்துள்ளது. பேர்சிவல், நாவலர் முயற்சி நிலைபெறாது போனமைக்குத் தமிழ் பற்றிய இக்கருத்து வேறுபாடும் ஒரு காரணமாயிற்று. சைவக் கல்விமரபில் ஊறிய புலமையாளர் ஒருவரின் தமிழ், சென்னையில் மிஷன்களின் கீழ் ஏற்கெனவே உருவாகியிருந்த சபைத்தமிழுடன் மோதிற்று. ஆனால் இவ்விரு தமிழும் கற்றோர் வகுத்த தமிழே. துறைமுகத்திற் சுமை இறக்கியவரோ, கொட்டியாரக் குடாவில் வலை இழுத்தவரோ எக்குழுவிலும் இடம்பெற்றிலர். திருகோணமலை அம்மொழியைப் பெற்றுக்கொண்ட இடமாக இருந்ததேயன்றி, அதனை ஆக்கிய இடமாக இருந்ததில்லை.

இனி, கோடிடப்பட்ட அவ்வசனத்துக்கு வருவோம். மூலக் கிரேக்கத்தில் ஈண்டு வருஞ்சொல் டூலோஸ் என்பதன் பன்மையாகும். அதன் நேர்ப்பொருள் அடிமை. விலைக்கு வாங்கி விற்கப்படும் மனிதனையே உரோமப் பேரரசின் சமூகத்தில் அச்சொல் குறித்தது. ஐக்கிய மொழிபெயர்ப்பு ஐந்தாம் வசனத்தில் அதனை ‘வேலைக்காரர்’ என்கிறது. அடுத்த வசனத்திற் கிறிஸ்துவுடன் தொடர்புபடுத்தி அதே கிரேக்கச் சொல் வருமிடத்தில் ‘ஊழியக்காரர்’ என்கிறது. எட்டாம் வசனத்தில், சுயாதீனனுக்கு எதிர்நிலையில் அதே சொல் மீண்டும் வரும்போது ‘அடிமை’ என்கிறது. நான்கு வசனங்களுக்குள் ஒரு மூலச்சொல் மூன்று தமிழ்ச் சொற்களாகப் பிரிந்துவிடுகின்றது. மேலும், பேதுருவின் முதலாம் நிருபம் இரண்டாம் அதிகாரம் பதினெட்டாம் வசனத்தில் வீட்டுப் பணியாளரைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லும் ‘வேலைக்காரர்’ என்றே தமிழாகியுள்ளது. ஒன்று மூன்றாகவும் இரண்டு ஒன்றாகவும் மாறிய இந்நிலையிற் பண்டைய சமூகத்தின் உற்பத்தி உறவு வாசகன் கண்ணுக்குத் தெரியாது மறைந்துபோகின்றது.

இம்மறைவை எவரோ ஒருவரின் சூழ்ச்சியென விளக்குவது எளிது; ஆனால் அது வரலாற்று நோக்காகாது. 1611 ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இவ்விடத்தில் வேலையாளையே குறிக்கின்றது. அம்மரபு தமிழிலும் தொடர்ந்துள்ளது. நாம் நோக்கவேண்டியது விளைவையே. இலங்கையில் அடிமைமுறை 1844 இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1871 இல் வாசகன் ‘அடிமைகளே’ என வாசித்திருப்பின், அது மறைந்துபோன, அல்லது மறைந்ததாகச் சட்டம் கூறிய, ஒரு முறைமையின் கட்டளையாகத் தோன்றியிருக்கும். ‘வேலைக்காரரே’ என வாசித்தவனுக்கோ அது தன்னை நோக்கி, தன் கூலியையும் மேற்பார்வையாளனையும் நோக்கி, நேற்றுச் சொல்லப்பட்டதாகத் தோன்றும். கடற்படைத் துறைமுகத் தொழிலாளியொருவர் அவ்வசனத்தின் கீழ்க் கோடிட்டதில் வியப்பில்லை. முதலாம் நூற்றாண்டின் அடிமைக்குக் கூறப்பட்ட கீழ்ப்படிதல், இருபதாம் நூற்றாண்டின் கூலித் தொழிலாளிக்கு இடம்மாற்றப்பட்டுவிட்டது. இவ்விடமாற்றத்தைச் செய்து முடித்தது ஒரே ஒரு பெயர்ச்சொல்.

திருவிவிலியம் இவ்விடத்தில் ‘அடிமைகள்’ என்றே மொழிபெயர்த்துள்ளது. மத்தேயுவிலும் லூக்காவிலும் பேறுபெற்றோராகக் கூறப்படுவோர் பற்றிய பகுதிகளிலும் அதன் சிறப்புத் தெரியும். இரு நற்செய்திகளிலும் வறியோரைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல் வருகிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பு லூக்காவிற் ‘தரித்திரர்’ எனவும் மத்தேயுவில் ‘எளிமை’ எனவும் பிரிக்க, திருவிவிலியம் ஈரிடத்தும் ‘ஏழை’ என்ற அடிச்சொல்லைப் பேணியுள்ளது. எளிமை ஒரு குணமாக வாசிக்கப்படலாம். ஏழ்மையை அவ்வாறு வாசித்தல் அரிது. மேலும், புரட்டஸ்தாந்தப் பதிப்புகளில் இடம்பெறாத நூல்களையும் அது கொண்டுள்ளது. அவற்றுள் ஒன்றான சீராக்கின் ஞானம், முப்பத்து நான்காம் அதிகாரத்தில், கூலியாளின் கூலியைப் பறிப்பதைக் குருதி சிந்துதலுக்கு ஒப்பிடுகின்றது. அப்பாட்டனாரின் வேதாகமத்தில் இந்நூல் இல்லை. கீழ்ப்படிதலின் வசனம் அவருக்குக் கிடைத்தது. கூலி பற்றிய இவ்வசனம் கிடைக்கவில்லை. எந்நூல் திருமுறையுள் அடங்கும் என்ற சபை வழக்கு, தொழிலாளி எதனை வாசிப்பான் என்பதையும் தீர்மானித்தது.

எனினும் திருவிவிலியத்தைக் குறையற்றதெனக் கொள்ளல் தகாது. உரோமையர் நிருபத்தின் தொடக்கத்திற் பவுல் தம்மைச் சுட்டும் டூலோஸ் என்னும் சொல் அதிற் ‘பணியாளன்’ என மென்மையாகிவிடுகின்றது. அதனால், அடிமையின் பெயரையே அப்போஸ்தலன் தனக்குச் சூட்டிக்கொண்டதிலுள்ள அதிர்ச்சி இழக்கப்படுகின்றது. தூய தமிழ் இயக்கத்தின் செல்வாக்கும் அதன் சொற்றெரிவில் உண்டு. சுவிசேஷம் நற்செய்தியாகவும், ஞானஸ்நானம் திருமுழுக்காகவும், பரிசுத்த ஆவி தூய ஆவியாகவும் மாறின. இவை நல்ல தமிழே. ஆனால் மூன்று தலைமுறைகளாகச் செவிவழியே பழைய சொற்களில் மன்றாடிய எழுத்தறிவு குறைந்த முதியவருக்கு, அவரது மனப்பாடமே அந்நியமாகிவிட்டது. தூய்மையும் ஒரு வர்க்கத்தின் இரசனையாகலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

மூலபாடம் பற்றிய வேறுபாடும் குறிப்பிடத்தக்கது. ஐக்கிய மொழிபெயர்ப்பு உருவானபோது பழைய கிரேக்கச் சுவடிகளின் ஒப்பாய்வு இன்றுள்ள அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், பரலோகத்திலே சாட்சியிடும் மூவர் பற்றிய பகுதி அதில் உண்டு. பழைய கிரேக்கச் சுவடிகளிற் காணப்படாமையால் திருவிவிலியம் அதனை விலக்கியுள்ளது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் வாசகன், தான் கையிலேந்தியிருப்பது மனிதர் கரங்களால் படியெடுக்கப்பட்டு, ஒப்பிடப்பட்டு, தெரியப்பட்ட நூல் என்பதை முதன்முறையாக உணர்வான். நம்பிக்கையாளனுக்கு இது அச்சந்தரலாம். ஆராய்ச்சியின் தொடக்கமும் இதுவே.

துணைநூல்கள் பற்றிய வினா இங்கேதான் முக்கியத்துவம் பெறுகின்றது. 1560 இன் ஜெனீவா விவிலியத்தின் ஓரக்குறிப்புகள் மன்னரதிகாரத்தை ஐயுறத் தூண்டுகின்றன என முதலாம் ஜேம்ஸ் மன்னன் வெறுத்தான். 1611 இன் மொழிபெயர்ப்பு அத்தகைய குறிப்புகளின்றியே வெளிவந்தது. 1804 இல் நிறுவப்பட்ட பிரித்தானிய, வெளிநாட்டு வேதாகமச் சங்கமும் குறிப்போ விளக்கமோ இன்றி நூலை வெளியிடுவதைக் கொள்கையாகக் கொண்டது. சபைப் பூசல்களைத் தவிர்த்தல் அதன் நோக்கமாயிருக்கலாம். குடியேற்ற நாடுகளில் அதன் பயனோ வேறு. நூல் மலிவாகத் தொழிலாளியின் கைக்கு வந்தது. நூலை விளக்கும் கருவி பிரசங்கபீடத்திலேயே தங்கிற்று. மேற்கூறிய பாட்டனாருக்கு வசனம் இருந்தது. அதன் சொல்லைச் சோதிக்கும் வழி இருக்கவில்லை.

இன்று அக்கருவிகள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆயின் அவற்றையும் விமர்சனக் கண்கொண்டே நோக்கல் வேண்டும். பல செயலிகளில் வழங்கும் ஸ்ட்ரோங் எண்முறை, 1890 இல் ஆங்கில மொழிபெயர்ப்பொன்றை அடியாகக் கொண்டு ஆக்கப்பட்ட சொல்லடைவைச் சார்ந்தது. தமிழ் வாசகன் அதனைப் பயன்படுத்தும்போது ஆங்கிலத்தின் வழியாகவே கிரேக்கத்தை அடைகின்றான். இருப்பினும், ஒரு மூலச்சொல் எங்கெங்கே வருகின்றது என்று காட்டும் அளவில் அது பேருதவி புரியும். விளக்கவுரைகளை இறுதியாகவே எடுத்தல் நன்று. முதலில் எடுப்பின் அவை பிரசங்கபீடத்தின் மறுவடிவமாகிவிடும். பழைய தமிழ்ச் சொற்களுக்கு 1842 இன் மானிப்பாய் அகராதியும் 1862 இன் வின்சுலோ அகராதியும் இன்றும் பயனுடையன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ஊழியம்’ என்ற சொல் தாங்கிய பொருளை இன்றைய சபைவழக்கைக் கொண்டு முடிவுகட்டலாகாது.

நம் தோழர் சிலர், மதநூலொன்றின் சொற்களில் இத்துணைக் காலத்தைச் செலவிடுவானேன் எனக் கேட்பர். ஜெர்மனியின் விவசாயிகள் போர் பற்றி 1850 இல் எழுதிய ஏங்கல்ஸ், லூத்தரின் மொழிபெயர்ப்பு அடித்தள மக்கள் இயக்கத்தின் கையில் வலிய ஆயுதமானதையும், பின்னர் லூத்தரே அதே நூலைக்கொண்டு அவர்களுக்கெதிராகத் திரும்பியதையும் விரிவாகக் காட்டினார். நிக்கராகுவாவின் சொலெந்தினாமே தீவுகளில் மீனவரும் விவசாயிகளும் எர்னெஸ்தோ கார்தினாலுடன் நற்செய்தியைக் கூடி வாசித்து உரையாடியவை 1970களில் நூலாயின. நூல் ஒன்றே, எவர் வாசிக்கின்றனர், எக்கருவியுடன் வாசிக்கின்றனர் என்பதே வேறுபாடு.

ஆகவே அவ்விளைஞர்க்குக் கூறியது இதுவே. ஒரே மொழிபெயர்ப்பைத் தெரியவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மூலபாடத்தைக் கொண்டு, வெவ்வேறு தமிழிற் செய்யப்பட்ட இரண்டை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். ஐக்கிய மொழிபெயர்ப்பும் திருவிவிலியமும் அதற்குப் போதுமானவை. இரண்டும் உடன்படுமிடத்தில் மேலே செல்லலாம். முரண்படுமிடத்தில் நின்று, சொல்லடைவின் துணையுடன் மூலச்சொல்லைத் தேடுங்கள். வசனத்தைத் தனியே எடுக்காது, அதன் முன்னும் பின்னும் நான்கு வசனங்களையேனும் சேர்த்து வாசியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியே வாசித்ததைக் கூடிப் பேசுங்கள்.

அவ்வாறே அன்று எபேசியரின் ஐந்தாம் வசனத்திலிருந்து எட்டாம் வசனம் வரை இரு நூல்களிலும் உரக்க வாசிக்கப்பட்டது. பழைய வேதாகமத்திலேயே எட்டாம் வசனத்தில் ‘அடிமை’ என்றிருப்பதை முதலிற் கண்டவர், அதனைக் கொண்டுவந்திருந்த பேரனே. பாட்டனாரின் கோடு அதற்கு மூன்று வசனம் முன்னரே நின்றுவிட்டது.