34 ரூபாய்க்கு ஒரு திரைப்படம்

பழைய திரைப்படங்களை மூன்று மூன்றாகச் சேர்த்து மலிவு விலைக்கு விற்ற தகடுகளைப் பற்றி ஓர் இலக்கியத் திங்களிதழில் எழுதத்தான் வேண்டுமா என வாசகர் சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்றே கருதுகிறேன். நம் பகுதி இல்லங்களில் நூலடுக்கைக் காண்பது அரிது. தொலைக்காட்சிப் பெட்டியின் அடியில் பத்துப் பதினைந்து தகடுகள் இல்லாத வீடும் ஒரு காலத்தில் அரிதாகவே இருந்தது. மக்கள் தம் கைப்பணம் கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொண்ட ஒரு தொகுப்பை மதிப்பிடாமல் ஒதுக்கிவிடத் திறனாய்வுக்கு உரிமை இல்லை.

குச்சனூர்ச் சனீசுவரர் கோயிலில் ஆடி மாதச் சனிக்கிழமைகள் பெருந்திருவிழாவாகக் கொண்டாடப்படுகின்றன. பள்ளத்தாக்கின் எல்லா ஊர்களிலிருந்தும் மக்கள் சுரபி நதிக்கரைக்கு வந்து சேர்வர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், எள் விளக்குக் கடைகளுக்கும் வளையல் கடைகளுக்கும் அடுத்தாற்போல் தார்ப்பாய் விரித்துத் தகடு விற்றவர்களை அங்கே கண்டிருக்கிறேன். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் ஒரு குவியல். மறு குவியலில் துப்பாக்கி ஏந்திய ஜெய்சங்கர், புழுதி கிளப்பும் குதிரைகள், கூந்தலை விரித்த மோகினிப் பேய்கள். இந்த இரண்டாம் குவியலே இக்கட்டுரையின் பொருள்.

இம்மலிவுக்கு வழிதிறந்தது மோசர் பேயர் நிறுவனம். 1983இல் புதுதில்லியில் தொடங்கப்பெற்று, வெற்றுத் தகடுகள் செய்வதில் உலக அளவில் பெயர்பெற்ற அந்நிறுவனம், 2006-07இல் திரைப்பட விற்பனையில் இறங்கியது. விசிடி 28 ரூபாய். டிவிடி 34 ரூபாய். அதுவரை அசல் தகடுகள் இதைப்போல் பல மடங்கு விலைக்கு விற்றன. ஆகவே எளியோர் திருட்டுத் தகட்டையே நாடினர். திருட்டுத் தகட்டின் விலைக்கே அசலையும் கொடுத்துவிடுவது என்பதே புதிய கணக்கு. களவு பற்றி நாம் மறையுரைகளில் பேசிச் சாதித்ததைவிட இந்த 34 ரூபாய் கூடுதலாகவே சாதித்தது என்று சொன்னால் என் உடன்குருக்கள் பொறுத்தருள்வார்களாக. பிற நிறுவனங்களும் விலையைக் குறைத்தன. ஒரே தகட்டில் மூன்று படங்களை அடைக்கும் வழக்கமும் பரவியது. மோசர் பேயர் 2017இல் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாகி, 2018இல் கலைக்கப்பட ஆணையிடப்பட்டது. அத்தகடுகள் இன்று பழைய பொருள் கடைகளில்தான் கிடைக்கின்றன.

இவற்றை ‘பி’ படங்கள் என்பர். அச்சொல் 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்து அமெரிக்காவில் பிறந்தது. ஒரே சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டப்பட்டன. பெருநடிகர் நடித்தது முதலில் நிற்க, குறைந்த செலவில் விரைந்து எடுக்கப்பட்டது துணைக்கு வந்தது. எனவே அங்கே அந்த எழுத்து படத்தின் வரிசையைக் குறித்தது. நம் திரைப்பட வணிகமோ அவ்வெழுத்துகளை ஊர்களுக்கே சூட்டிவிட்டது. பெருநகரம் ‘ஏ சென்டர்’, அடுத்த நிலை நகரம் ‘பி சென்டர்’, சிற்றூர் ‘சி சென்டர்’. அக்கணக்கில் குச்சனூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் எந்த எழுத்தில் அடங்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு எழுத்து வரிசையும் உண்டு, அது நம்மவருடையது. 1930களில் அமெரிக்கக் கத்தோலிக்கர் அமைத்த ‘லீஜியன் ஆஃப் டீசன்சி’ என்னும் இயக்கம், குற்றமற்ற படங்களுக்கு ‘ஏ’ என்றும், ஓரளவு குறையுடையவற்றுக்கு ‘பி’ என்றும், விலக்கத்தக்கவற்றுக்கு ‘சி’ என்றும் தரமிட்டது. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1936இல் திரைப்படம் பற்றி விடுத்த சுற்றுமடலில் அம்முயற்சியைப் பாராட்டினார். அதன் நன்னோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் எழுத்தைப் பார்த்துவிட்டால் படத்தைப் பார்க்கவேண்டியதில்லை என்னும் சோம்பல் நம்மிடையே புகுந்தது அதனால்தான். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பில், பார்ப்பவர் தம் மனச்சான்றைப் பண்படுத்தித் தாமே தேர்ந்துகொள்ளும் கடமையை நினைவூட்டிற்று. அந்தத் தேர்வை இரண்டாம் குவியலின்மீதும் செலுத்திப் பார்க்கலாம்.

முதலில் நிற்பவை சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள். டி.ஆர்.சுந்தரம் 1935இல் நிறுவிய அந்தப் படப்பிடிப்பகம் ‘மந்திரி குமாரி’ (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) போன்றவற்றை அளித்தது. 1963இல் அவர் மறைந்தபின் அவருடைய மகன் பொறுப்பேற்றார். ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ (இரண்டும் 1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) எனத் துப்பறியும் படங்கள் தொடர்ந்தன. ஜேம்ஸ்பாண்டின் சாயல், இந்தி மெட்டுகளைத் தமிழுக்கு மாற்றித் தந்த வேதாவின் இசை, சுவரில் மறைந்து திறக்கும் கதவு, ஒளிந்திருக்கும் வானொலிக் கருவி. புதிதாக எதுவும் இல்லை. ஆனால் வேலை சுத்தமாக நடந்திருக்கிறது. கதை எங்கும் தேங்குவதில்லை. கண்ணீரைப் பிழிந்து நேரத்தைக் கடத்துவதும் இல்லை. அதே ஆண்டுகளின் ‘ஏ’ வரிசைக் குடும்பப் படங்கள் எல்லாவற்றைப் பற்றியும் இவ்வாறு சொல்ல இயலாது. ஜெய்சங்கரை ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்று அழைத்தனர். வெள்ளிதோறும் அவர் படம் ஒன்று வெளிவருவதுபோல் இருந்தது. சிறு முதலீட்டுத் தயாரிப்பாளர் பலரின் பிழைப்பு அவரைச் சார்ந்திருந்தது என்பதையும் அப்பெயரிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஒளிப்பதிவாளர் கர்ணனின் படங்கள் வேறு வகை. கண்ணீர்க் காவியமான ‘கற்பகம்’ (1963) படத்துக்கு ஒளிப்பதிவு செய்த அவரே பின்னர் இயக்குநராகிக் ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) எனக் குதிரையும் துப்பாக்கியுமாய்ப் படமெடுத்தார். இத்தாலியர் அமெரிக்கக் கதையை எடுத்தனர். அவர்களுள் செர்ஜியோ லியோனி 1964இல் எடுத்த படம் சப்பானியர் குரோசாவாவின் 1961ஆம் ஆண்டுப் படத்தைத் தழுவியது. அந்த ஊர்சுற்றிக் கதை நம் கரட்டு மேடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கதை வலுவற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் குதிரை ஓடும்போது ஒளிப்பதிவுக் கருவியும் உடன் ஓடுகிறது. அந்த வேகத்துக்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள் முகம் காட்டாத சண்டைக் கலைஞர்கள்.

விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’ (1978) தெலுங்கிலிருந்து தமிழுக்கு மொழிமாற்றம் பெற்று வந்தது. அதில் பேய் தன் கால்களையே அடுப்பில் விறகாக நீட்டிச் சமைக்கும் காட்சி ஒன்று உண்டு. கணிப்பொறி நுட்பம் இல்லாத காலத்து எளிய தந்திரம் அது. இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்து நகைப்பர். விறகு பொறுக்கி, புகையில் கண் எரிந்து சமைத்த நம் தாய்மாரும் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சிரிப்பின் பொருள் வேறு.

இப்படங்களின் பெருங்குறை ஒன்றை மறைக்கக்கூடாது. வன்முறையையும் கவர்ச்சி நடனத்தையும் பற்றிப் பலரும் பேசியாயிற்று. நான் சொல்ல வருவது அதுவன்று. வில்லனின் கூடத்தில் ஆடும் பெண் மனம் மாறி நாயகனுக்கு உதவுவாள். உதவியவுடன் அவனுக்குப் பாய்ந்த குண்டைத் தான் ஏற்று மடிவாள். படத்துக்குப் படம் இதுவே விதி. மனம் மாறியவள் உயிரோடு வீடு திரும்பக் கதாசிரியருக்கு மனம் வருவதில்லை. கல்லெறியக் காத்திருந்தவர் நடுவிலிருந்து ஒரு பெண்ணை உயிரோடு அனுப்பிவைத்த நற்செய்தியைக் கேட்டவர்கள் இந்த மரணங்களை எளிதில் ஏற்க இயலாது. லீஜியனின் தரப் பட்டியல் ஆடையின் நீளத்தை அளந்த அக்கறையில் சிறிதேனும் இதன்மீது செலுத்தியிருக்கலாம்.

நம்மோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு நிறுவனமும் இக்குவியலில் உண்டு. ஜோசப் தளியத்தின் சிட்டாடல் நிறுவனம் 1948இல் ‘ஞானசௌந்தரி’யை வெளியிட்டது. தமிழகக் கத்தோலிக்க ஊர்களில் நாடகமாக நடிக்கப்பட்டுவந்த கதை அது. வெட்டுண்ட கைகளைத் தேவதாயின் அருளால் திரும்பப் பெறும் பெண்ணின் கதை. அதே ஆண்டில் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினியும் அக்கதையைப் படமாக்கியது. பெரிய நிறுவனத்தின் படம் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட, சிட்டாடலின் படமே நிலைத்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1965இல், அதே தளியத்து ‘இரவும் பகலும்’ படத்தில் ஜெய்சங்கரை அறிமுகம் செய்தார். வில்லனாகவே அறியப்பட்ட எஸ்.ஏ.அசோகன் அதில் தம் சொந்தக் குரலில் சாவைப் பற்றிய ஒரு பாடலைப் பாடுகிறார். பயிற்சியற்ற, கரகரத்த அக்குரலில் மரணத்தைக் கேட்டவர் அதை எளிதில் மறவார். பக்திப் படமும் மசாலாப் படமும் ஒரே கூரையின்கீழ் ஒரே கைகளால் ஆக்கப்பட்டன. நாம்தாம் ஒன்றை மேசைமேலும் மற்றதை மேசையடியிலும் வைத்தோம்.

இனித் தகடுகளின் குறை. ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட், நல்ல தரத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படத்தைத் தாங்கும். இரண்டரை மணி நேரப் படங்கள் மூன்றை அதில் திணித்தால், மழையும் இருளும் புழுதியும் வரும் காட்சிகள் கட்டம் கட்டமாகச் சிதறும். கர்ணன் படத்தில் புழுதி போனால் எஞ்சுவது என்ன? நான் வாங்கிய தகடு ஒன்றில் அட்டையில் அச்சிட்டிருந்த மூன்று படங்களில் இரண்டே இருந்தன.

இவற்றையெல்லாம் பொறுக்கலாம். பொறுக்கவியலாதது, தொடக்கத்தில் வரும் பெயர் வரிசையை வெட்டியெறிவது. நேரத்தை மிச்சப்படுத்தச் சில தகடுகளில் படம் முதற்காட்சியிலிருந்தே தொடங்குகிறது. நாயகன் பெயர் அட்டையில் இருக்கும். இசையமைப்பாளர் பெயரும் பாட்டால் நிலைக்கும். ஒப்பனை செய்தவர், அரங்கம் அமைத்தவர், படத்தொகுப்பில் உதவியவர், சண்டைக் கலைஞர் ஆகியோரின் பெயர்கள் உலகில் வேறெங்கும் எழுதப்படவில்லை. அந்த இரண்டு நிமிடச் சுருளே அவர்களின் ஞானஸ்நானப் பதிவேடு. பங்குப் பதிவேட்டில் ஒரு தாள் கிழிந்தால் எத்தனை குடும்பங்கள் அலைய நேரும் என்பதை அறிந்த எவருக்கும் இது சிறு குற்றமாகத் தோன்றாது.

வேறிடத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றும் ஆறுதல் கொள்வதற்கில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்துக்குப் பிரதியே இல்லை. 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் 2003 சனவரித் தீயில் அழிந்தன. சேலம் ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவே எஞ்சியுள்ளது. அமெரிக்காவிலோ, ஆறே நாளில் எடுத்ததாகக் கதை கட்டப்பட்ட ‘டீட்டூர்’ (1945) என்னும் ‘பி’ படம் 1992இல் நாட்டின் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) பெயர் மாற்றத்தின்போது உரிமைக் குறிப்பை இழந்து பொதுவுடைமை ஆயிற்று. மலிவுத் தொகுப்புகளில் தவறாமல் இடம்பெற்று உலகெங்கும் சென்றது. 1999இல் அதுவும் அப்பதிவேட்டில் ஏறியது. அங்கே மலிவு விற்பனை ஒரு படத்தை மறதியிலிருந்து காத்தது.

நம் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே ‘ஞானசௌந்தரி’ 2009 முதல் பொதுவுடைமை. ‘இரவும் பகலும்’ படத்தின் உரிமைக்காலம் 2025 முடிவு வரையே. உரிமை விடுதலை பெற்றாலும் நகலெடுக்க நல்ல பிரதி வேண்டுமே! இன்று இணையத்தில் காணக்கிடைக்கும் பழைய படங்கள் பலவற்றிலும் மூலையில் நிறுவனச் சின்னம் ஒட்டியிருக்கிறது, தொடக்கம் குறைந்திருக்கிறது. ஆதலால் வீட்டில் பழைய தகடுகள் இருப்பின் தூக்கியெறியுமுன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெயர் வரிசை முழுமையாக ஓடும் தகடு எதுவாயினும், நாயகன் யாராயினும், அதைக் கணிப்பொறியில் நகலெடுத்து வையுங்கள். தூசு படிந்திருந்தால் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தால் பெரும்பாலும் ஓடும்.