கடை பூட்டியிருந்த நாள்

ஆப்பிள் பை (பழத்தை மாவுக்குள் பொதிந்து அடுப்பில் சுடும் பண்டம்) செய்ய ஆசை. கடையோ பூட்டிக் கிடக்கிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறுகிறாள் ஒரு சிறுமி. கோதுமைக்கு இத்தாலி, முட்டைக்கு பிரான்ஸ், பட்டைக்கு இலங்கை, பாலுக்கு இங்கிலாந்து, உப்புக்கு வழியில் கிடைக்கும் கடல்நீர், சர்க்கரைக்கு ஜமைக்கா, ஆப்பிளுக்கு அமெரிக்காவின் வெர்மான்ட். மார்ஜரி பிரைஸ்மன் எழுதி வரைந்து 1994-இல் வெளிவந்த 'ஹவ் டு மேக் ஆன் ஆப்பிள் பை அண்ட் ஸீ த வேர்ல்ட்' என்ற படக்கதை இது. தட்டில் இருக்கும் உணவுக்குப் பின்னால் ஓர் உலக வணிகம் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, அமெரிக்க வகுப்பறைகளில் இதைக் கையிலெடுக்கிறார்கள். அந்த வேலையை இது செய்கிறதா?

இதன் பலம் ஊர் சுற்றுவதில் இல்லை. வீடு திரும்பிய பிறகு வரும் வேலையில் இருக்கிறது. கோதுமையை அரைக்க வேண்டும், பட்டையை இடிக்க வேண்டும், கடல்நீரை வற்றவைக்க வேண்டும், பாலைக் கடைந்து வெண்ணெய் எடுக்க வேண்டும். மாவும் சர்க்கரையும் பாக்கெட்டிலேயே பிறக்கின்றன என்று நினைக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு பக்கம் போதும். முட்டை வழியில் உடைந்துவிடும் என்பதால் கோழியையே தூக்கிவருவதும் வெறும் வேடிக்கை அல்ல. சரக்கைச் சேதமில்லாமல் கொண்டுசேர்ப்பது எப்படி என்பது எந்தக் கப்பல்காரனுக்கும் உள்ள தலைவலி.

ஆனால் இவ்வளவு தூரப் பயணத்தில் காசு கைமாறவே இல்லை. பேரம் இல்லை, சுங்கம் இல்லை. போன இடத்தில் பறித்துக்கொள்கிறாள், கிளம்புகிறாள். இலங்கையில் சிறுத்தை தூங்கும் மரத்தடிக்குப் பூனைநடை போட்டு, பட்டையை உரித்துக்கொண்டு வந்துவிடுகிறாள். கறுவாப்பட்டை அப்படிக் கைக்கு வராது. கிளையை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து இளக்கி, உட்பட்டையை முழுசாகக் கழற்றிச் சுருட்டி உலர்த்த வேண்டும். தலைமுறையாகக் கற்றவர்களின் கைவேலை அது. டச்சுக்காரர் காலத்தில், பட்டை உரிக்கும் சலாகம சாதியார் இன்ன அளவு கொடுத்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டார்கள். கொழும்பின் பணக்காரப் பகுதிக்கு இன்றும் கறுவாத்தோட்டம் என்றுதான் பெயர்.

இந்த வரலாற்றை ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. என் குறை வேறு. அமெரிக்க அடுப்படியில் பையின் மேல் தூவும் பட்டைத்தூள் பெரும்பாலும் இலங்கையுடையதே அல்ல; இந்தோனேசியாவிலிருந்து வரும் காசியா என்ற வேறு இனப் பட்டை. இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்கும் நாடு மெக்சிகோ. ஏன் இப்படி? விலையும் நாக்குப் பழக்கமும்தான். கோதுமையும் அப்படியே. அமெரிக்காவே கோதுமை ஏற்றுமதி செய்யும் நாடு. (இத்தாலியில் அவள் அள்ளுவது ரவைக் கோதுமை. பாஸ்தாவுக்கு அது அருமை; பைக்கு மென்மையான கோதுமைதான் சரிப்படும்.) ஒரு பொருள் எங்கே விளைகிறது என்பது புவியியல். எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும் என்பதுதான் வணிகம். கதை முதலாவதைச் சொல்லிவிட்டு, இரண்டாவதையும் சொல்லிவிட்ட தோற்றத்தைத் தருகிறது. மிட்டாய்க்கடையில் சில்லறையை எண்ணிக் கொடுக்கும் பிள்ளைக்கு விலை புரியாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

1958-இல் லெனார்ட் ரீட் சந்தையின் புகழ் பாடி எழுதிய 'ஐ, பென்சில்' கட்டுரையின் கோளாறு இதற்கு நேர் எதிரானது. அதில் ஒரு பென்சிலுக்காக ஆயிரமாயிரம் பேர் உழைக்கிறார்கள், ஒருவருக்கும் ஒரு மனக்குறையும் கிடையாது. பிரைஸ்மன் அந்த உபதேசத்தில் இறங்காதது நிம்மதி.

ஆக, பொருள் விளையும் இடத்தையும் அது பண்டமாக மாறும் வழியையும் காட்டுவதில் இது முதல்தரப் புத்தகம். வணிகப் பாடமாக, தேறுவது இரண்டே இடங்களில். ஒன்று, பூட்டிய கடை: எதிரே ஒரு கடை திறந்திருப்பது எத்தனை கடல்தாண்டலை மிச்சப்படுத்துகிறது என்பதை அது இல்லாத நாள் காட்டிவிடுகிறது. மற்றது கடைசிப் பக்கம். மேலே வெனிலா ஐஸ்கிரீம் வைத்தால் ருசி, கடையில் வாங்கலாம். கடை பூட்டியிருந்தால் பையை வெறுமனே சாப்பிடலாம் என்று முடிகிறது கதை. வெனிலாவுக்காக இன்னொரு கப்பல் ஏறத் தேவையில்லை. ஒரு ருசிக்கு இவ்வளவு பாடு தகுமா என்ற கணக்கு கதையில் வருவது அங்கே மட்டும்தான். வகுப்பில் இந்தப் புத்தகத்தை எடுக்கும் ஆசிரியர் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.