பாட்டிக்கு மாவு டின் போதுமா?

மலேசியாவின் நியாலாஸ் தோட்ட வட்டாரத்தில் தொண்ணூறை நெருங்கிய பாட்டியைப் பார்க்க வருகிற பேரப்பிள்ளை சத்துமாவு டின்னோடுதான் வருவார். பாசத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ரப்பர் பால் வாளி சுமந்து நிரைநிரையாக நடந்த கால்கள், இன்று இரண்டு கையையும் தொடையில் ஊன்றாமல் நாற்காலியைவிட்டு எழ மறுக்கின்றன. அதற்கு டின்னில் மருந்து இருக்கிறதா?

பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் இதையே சோதித்து 1994இல் வெளியிட்டார்கள். 100 பேர், சராசரி வயது 87. பத்து வாரம், வாரத்தில் மூன்று நாள் இடுப்புக்கும் முழங்காலுக்கும் கடுமையான பளுப்பயிற்சி செய்தவர்களின் தசைவலு 113 விழுக்காடு கூடியது, செய்யாதவர்களுக்கு 3. தினமும் 360 கலோரி சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தளர்ச்சி குறையவே இல்லை. பானம் உள்ளே போனதும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள்! பயிற்சியும் பானமும் சேர்ந்து பெற்றவர்களுக்குத்தான் மொத்த உணவு கூடியது. மாவுப்பால் குடித்த பாட்டி மதியச் சோற்றைப் பாதியில் ஒதுக்குவதை நாமும் பார்க்கிறோமே.

113 என்ற எண்ணில் மயங்கவும் வேண்டாம். நடைவேகம் கூடியது ஏறக்குறைய 12 விழுக்காடுதான். குளியலறைவரை தனியே போக அதுவும் பெரிது என்பேன்.

பானத்துக்கும் நியாயமான சோதனை நடந்ததாகத் தோன்றவில்லை. அதன் கலோரியில் புரதத்தின் பங்கு 17 விழுக்காடு. கணக்குப் போட்டால் சுமார் 15 கிராம், இரண்டரை முட்டை. 2015இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வில், வீட்டில் வாழும் 246 முதியவர்களில் ஊட்டச்சத்து மட்டும் பெற்ற குழுவில் 35.6 விழுக்காட்டினருக்குத் தளர்ச்சி குறைந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 15.2, உடற்பயிற்சிக் குழுவில் 41.3, எல்லாம் சேர்த்துப் பெற்றவர்களில் 47.8. ஆனால் அவர்கள் எழுபதை ஒட்டியவர்கள். தொண்ணூறுக்கு அந்த அளவுகோலை அப்படியே வைக்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு: பயிற்சிக்கே முதலிடம். அதுவும் சுமை கூடிக்கொண்டே போகும் பயிற்சி. உட்கார்ந்தபடி கையை ஆட்டுவது கணக்கில் வராது. உடல் மெலிந்து, சாப்பாடு இறங்காதவருக்கு மாவும் வேண்டும், சாப்பாட்டுக்கு மேல்மிச்சமாக. இனிப்புநீரோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் டின்னைத் திறக்கக் கூடாது.

தோட்டத்து லயத்து வீட்டில் பளுப்பயிற்சி எந்திரம் இல்லாதது பெரிய தடையல்ல. உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழலாம், கணுக்காலில் சிறு மணல்பை கட்டிக் காலை நீட்டலாம். விழாமல் பார்த்துக்கொள்ள பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், அதுவும் வாரம் மூன்று நாள். பாஸ்டனில் அதற்கென ஆள் இருந்தார்கள். இங்கே பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள். டின்னுக்கு வெள்ளி அனுப்புவது அவர்களுக்குச் சுலபம்.