அம்பு பிடுங்கும் கை

பிரியமாக வளர்த்த குதிரையைப் பறிகொடுத்தவன் தன் துக்கத்தை எப்படிச் செலவழிக்கிறான் என்பதற்குச் சீன தேசத்துச் சரித்திரத்தில் ஒரே சக்கரவர்த்தியின் வாழ்க்கையிலிருந்து இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒன்று வெட்கத்துக்குரியது, மற்றொன்று, குதிரையைக் கல்லில் வடித்தவர்கள் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரையும் கைகட்டி நிற்க வைக்கக் கூடியது. கல்லைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை; ஆனால் வெட்கத்துக்குரியதைச் சொல்லாமல் அங்கே போய்ச் சேர முடியாது.

தாங் வம்சத்துச் சக்கரவர்த்தி தைசோங் 626 முதல் 649 வரை ஆண்டவர். அவர் அரண்மனையிலேயே வைத்துத் தீனி போட்டு வளர்த்த ஒரு குதிரை, நோய் நொடி எதுவுமின்றித் திடீரென்று ஒரு நாள் இறந்து போயிற்று. நோயில் கிடந்து சாகும் பிராணி, தன் பிரிவுக்கு நம்மைச் சிறுகச் சிறுகப் பழக்கிவிட்டுப் போகிறது. ஆனால் நேற்று மாலை கையிலிருந்து தின்ற வாய் இன்று காலை விறைத்துக் கிடக்கக் கண்டால், மனம் அழுவதற்கு முன்பே பழி போட ஆள் தேடத் தொடங்கிவிடுகிறது. சக்கரவர்த்திக்கு ஆள் எளிதில் அகப்பட்டான். குதிரையைப் பராமரித்த பணியாளைக் கொன்றுவிட அவர் துணிந்தபோது, மகாராணி சாங்சுன் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை; ஒரு பழங்கதையை நினைவூட்டினாள். முன்னொரு காலத்தில் சீ நாட்டு மன்னன் இதே குற்றத்துக்காகக் குதிரைக்காரனைக் கொல்லப் புகுந்தபோது, அவனுடைய மந்திரி, குற்றங்களைத் தாமே எண்ணிச் சொல்வதாக முன்வந்து, குதிரையைச் சாக விட்டது ஒன்று, ஒரு குதிரைக்காக அரசன் மனிதனைக் கொன்றான் என்று குடிகள் வெறுக்கும்படி செய்தது இரண்டு, அதைக் கேட்டு அயல் அரசர்கள் நம் நாட்டை இளப்பமாக நினைக்கும்படி செய்தது மூன்று என்று அந்த ஏழையிடமே அடுக்கினாராம். தாங்கள் வாசித்த கதைதானே, மறந்தா போயிற்று என்று மகாராணி கேட்டாள். பணியாள் பிழைத்தான்.

அவள் 636-ஆம் ஆண்டில் காலமானாள். ஜியூசோங் மலையில் அவளை அடக்கம் செய்து, தமக்கும் அந்த மலையையே சமாதியாக வரித்துக்கொண்ட சக்கரவர்த்தி, தாம் பட்டத்துக்கு வருமுன் செய்த போர்களில் தம்மைச் சுமந்த ஆறு குதிரைகளைக் கல்லில் செதுக்கி அங்கே வைக்க ஆணையிட்டதும் அந்த ஆண்டில்தான். உருவரைந்தவர் ஓவியர் யென் லீபென் என்பது வழிவழி வந்த செய்தி. ஏறக்குறைய ஆள் உயரமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஆறு பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு குதிரை. பிடரி மயிர் மூன்று குஞ்சங்களாகக் கத்தரிக்கப்பட்டு, வால் போர்க்கோலத்தில் முடிச்சிடப்பட்டு, சேணமும் அங்கவடியும் வார் வாராக இழைக்கப்பட்டிருக்கின்றன. சேணத்தின் மேல் மட்டும் யாரும் இல்லை. ஏறியிருந்தவர் தம்மை ஆறு கல்லிலும் விட்டுவிட்டார். அரசர்களிடம் இது அபூர்வமான அடக்கம்.

ஆறும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பாய்ந்தோடும் குதிரைகளுக்கு நான்கு கால்களும் முன்னும் பின்னுமாக ஒருசேர நீண்டு கிடக்கின்றன. ஓடும் குதிரை எந்த க்ஷணத்திலும் அப்படிக் கால் நீட்டுவதில்லை என்பதை மைபிரிட்ஜ் 1878-இல் எடுத்த புகைப்படங்கள் காட்டிவிட்டன. அது சிற்பி தன் முன்னோரிடமிருந்து கடன் வாங்கிய ஓட்டம். நடந்து வரும் சுவான்மாவ்குவா வேறு ஜாதி. மஞ்சள் உடலும் கரிய மூக்குமாக இருந்த அக்குதிரைக்கு ஒன்பது அம்புகள். முன்புறம் ஆறு, முதுகில் மூன்று. சக்கரவர்த்தி ஒவ்வொரு குதிரைக்கும் எழுதிய புகழுரையோடு இந்தக் கணக்கும் சேர்ந்தே வந்திருக்கிறது. கண்ணீர் எவ்வளவு விட்டார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அம்பை எண்ணி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் என் மேசைமேல் படமாக வைத்து நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது சாலூசியைத்தான். ஆறில் மனித உருவம் உள்ளது அது ஒன்றே. 621-இல் லோயாங் நகருக்கு வெளியே நடந்த போரில், பகைவரின் பலத்தை அறியச் சில குதிரை வீரர்களோடு அணியைப் பிளந்துகொண்டு போன தைசோங் தம் பரிவாரத்தைப் பிரிந்து தனித்துப் போனார். கூட நின்றவன் தளபதி சியூ சிங்கொங் ஒருவனே. குதிரையின் மார்பில் அம்பு தைத்தது. துரத்தி வந்தவர்களைத் தன் வில்லால் அண்ட விடாமல் நிறுத்திய சிங்கொங், கீழே குதித்து அந்த அம்பைப் பிடுங்கிவிட்டு, தன் குதிரையைத் தலைவனுக்குக் கொடுத்து, தான் வாளோடு முன்னே நடந்து வழி வெட்டினான். இவ்வளவு பெரிய ஆரவாரத்திலிருந்து சிற்பி எடுத்துக்கொண்டது அம்பு பிடுங்கும் அந்த ஒரு கணத்தை மட்டுமே. பகைவர் இல்லை; தூசி இல்லை; வாள் வீச்சு இல்லை. அம்பறாத்தூணி தொங்க, தாடி வைத்த ஒரு மனிதன் குதிரையின் மார்போடு நெருங்கி நிற்கிறான். குதிரை முன்னங்காலை ஊன்றி, உடலின் பாரத்தைப் பின்னுக்கு இழுத்து, வலியிலிருந்து விலகப் பார்க்கிறது. ஆனால் தலையை மட்டும் தாழ்த்தி அவன் பக்கமே சாய்த்திருக்கிறது. உடல் அவனை விட்டு ஒதுங்குகிறது, தலை அவனிடம் வருகிறது. மருந்து போடும்போது மாட்டையோ குதிரையையோ பிடித்து நின்றவர்கள் இந்த முரணைக் கண்டிருப்பார்கள். அதைக் கல்லில் கண்டவன் ஒருவன் இருந்தான் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அலெக்சாந்தர், தன் குதிரை பூகிபலஸ் கி.மு. 326-இல் இறந்தபோது, ஜீலம் நதிக்கரையில் அதன் பெயரால் ஒரு நகரத்தையே நிறுவினான். சாலூசி நிற்கும் ஒரு பலகைக்கு அந்த நகரம் ஈடாகாது என்பது என் கட்சி.

அரண்மனையில் திடீரென்று செத்த குதிரைக்கு இந்த ஆறில் இடமில்லை; அதற்கு என்ன பெயர், என்ன நிறம் என்பதுகூட அந்தக் கதையில் இல்லை.

கற்களும் சேர்ந்து இருக்கக் கொடுத்து வைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையிலிருந்து பெயர்க்கப்பட்டு, கொண்டுபோகும் வசதிக்காகத் துண்டு துண்டாக உடைக்கப்பட்டன. நான்கு மீட்கப்பட்டுச் சியான் நகரத்துக் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாலூசியும் சுவான்மாவ்குவாவும் அமெரிக்காவில், பிலடெல்பியாவின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சியானில் அவ்விரண்டின் இடத்தில் பிரதிகள் நிற்கின்றன. பிலடெல்பியா பக்கம் போக வாய்க்கும் வாசகர்கள் சாலூசியின் முன் நின்றால், ஒட்டுப்போட்ட விரிசல்களையும் குதிரையின் முகத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அம்பைப் பற்றியிருக்கும் கையைப் பாருங்கள்.