கொலையாளிக்கு ஒரு குடும்பம்

ஃபிரெட்ரிக் ஃபோர்சைத் 1971இல் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜேக்கல்' நாவலின் கொலையாளிக்கு உண்மைப் பெயர் இல்லை, குடும்பம் இல்லை. பிரெஞ்சு அதிபர் து கோலைத் தீர்த்துக்கட்ட அமர்த்தப்பட்டவன். து கோல் 1970இல் சொந்த வீட்டில் இயற்கையாக இறந்தவர். ஆகவே இவன் தோற்பான் என்பது முதல் பக்கத்திலேயே வாசகனுக்குத் தெரியும். அப்படியும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. போலிப் பாஸ்போர்ட் எடுப்பது, துப்பாக்கிக்கு ஆர்டர் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கூடவே இருந்து பார்க்கிறோம் அல்லவா, அந்த ருசிதான். 1973இல் ஃபிரெட் ஜின்னமன் இயக்கிய படத்தில் எட்வர்ட் ஃபாக்ஸ் ஒரு தர்பூசணியை மரத்தில் தொங்கவிட்டுச் சுடுவார். குண்டு ஓரத்தில் படும். தொலைநோக்கியின் திருகாணியைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி சுடுவார். கடைசியில் வெடிகுண்டுத் தோட்டா பாய்ந்து பழம் சிதறும். ஒரு பேச்சு கிடையாது.

இரண்டரை மணி நேரப் படத்துக்கு இது போதும். பத்து எபிசோடு ஓட வேண்டிய தொடருக்குப் போதாது. தொலைக்காட்சி செய்த வேலை, கொலையாளியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததுதான்.

ரோனன் பென்னட் எழுதி 2024இல் வந்த புதிய 'ஜேக்க'லில் எடி ரெட்மெய்ன் முதல் காட்சியிலேயே முதிய துப்புரவுத் தொழிலாளியாக வேடம் போட்டு மியூனிக் அலுவலகம் ஒன்றுக்குள் நுழைகிறார். அங்கே ஒருவனைக் கொல்லாமல் காலில் மட்டும் சுடுகிறார். ஏன் என்பது பிறகுதான் விளங்கும்: மகனைப் பார்க்க அரசியல்வாதியான அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தே தீர வேண்டும். வருகிறார், ஏறக்குறைய 4 கி.மீ. தூரத்திலிருந்து குண்டும் வருகிறது. பழைய நாவலின் நுணுக்கம் குறையாத தொடக்கம் இது. அடுத்து அவன் போவது ஸ்பெயினில் இருக்கும் வீட்டுக்கு. மனைவி நூரியா, கைக்குழந்தை. கணவனுக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரியாது. கொலையாளி எப்படித் தோற்பான் என்ற கேள்வி இருந்த இடத்தில், இவளுக்கு எப்போது தெரியும் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. துரத்திவரும் எம்.ஐ.6 அதிகாரி பியான்காவுக்கும் (லஷானா லிஞ்ச்) கணவன், மகள், பொய். இவள் வீட்டுச் சண்டைகள் கொஞ்சம் இழுவை. நடுவில் இரண்டு எபிசோடுகளைச் சுருக்கியிருக்கலாம். அதற்காகத் தொடரை விட்டுவிடத் தோன்றாது.

'கில்லிங் ஈவ்' (2018–2022) வேறு வழியில் போனது. வியன்னாவில் ஒரு ஐஸ்கிரீம் கடை. எதிர் மேசைச் சிறுமி கடைக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறாள். வில்லனெல் (ஜோடி கோமர்) அவர் முகத்தை உற்றுக் கவனித்து அதே சிரிப்பைத் தன் முகத்தில் வரவழைக்கிறாள். போகும்போது ஐஸ்கிரீம் கோப்பையைக் குழந்தையின் மடியில் தட்டிவிடுகிறாள். ஒரு சொட்டு ரத்தமில்லாமல் முழு ஆளும் தெரிந்துவிடுகிறாள். சீசனுக்கு ஒரு தலைமை எழுத்தாளர் என்று மாற்றியதில் பின்னால் தொடர் தேய்ந்தது. முடிவு பிடிக்காதவர்களில், மூலக்கதை எழுதிய லூக் ஜென்னிங்ஸும் ஒருவர்.

'பாரி'யில் (2018–2023) பில் ஹேடர், கொல்லப் போன இடத்தில் நடிப்பு வகுப்பில் சேர்ந்துவிடும் முன்னாள் ராணுவக்காரன். சிரிக்க ஆரம்பித்த கதை சீசனுக்குச் சீசன் இருண்டு, கடைசியில் சிரிப்பே நின்றுவிடும். இரண்டாம் சீசனின் ஐந்தாம் எபிசோடை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாலும் நஷ்டமில்லை.

இந்த வரிசையில் என் ஓட்டு ஆஸ்திரேலியாவின் 'மிஸ்டர் இன்பிட்வீன்' தொடருக்கு. ஸ்காட் ரயன் எழுதி நடித்தது, நாஷ் எட்ஜர்டன் இயக்கியது. மூன்று சீசன், 26 எபிசோடு, பெரும்பாலும் அரை மணிக்கும் குறைவு. ரே ஷூஸ்மித் மகளைப் பள்ளியில் விடுவான், கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்புக்குப் போவான், இடையில் ஆளைக் கொல்வான். மூன்றுக்கும் கேமரா ஒரே நிதானம்தான் காட்டுகிறது. 'ஜேக்கல்' பெரிய பட்ஜெட்டில் ஐரோப்பா முழுக்கச் சுற்றிப் பிடிக்கும் பதற்றத்தை, இது சிட்னியின் ஒரு புறநகர்த் தெருவை விட்டு அதிகம் நகராமலே பிடித்துவிடுகிறது.